செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, இன்று வந்திருக்கும் மூத்த குடிமக்கள் சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். வராதவர்களைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

சுதந்திர தினக் கொடியேற்றம், அக்டோபர் 1 உலக முதியோர் நாள் கூட்டம், கண் பரிசோதனை முகாம், பொங்கல் விழா ஆகியவை வழக்கம்போல நடந்தன. மறைந்த நான்கு உறுப்பினர்களுக்கு அந்தந்த மாதக் கூட்டத்தில் அஞ்சலி செலுத்தப்பட்டது.

சட்ட விளக்க வகுப்பைப் பற்றி விரிவாகச் சொல்லவேண்டும். மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை மாலை இதை நடத்தலாம் என்று நான் சொன்னபோது, ‘குடும்பத்தைக் கோர்ட்டுக்கு இழுக்கிற வேலை நமக்கு எதற்கு’ என்று செயற்குழுவிலேயே கேட்கப்பட்டது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007 என்பதே கோர்ட்டுக்கு அலையாமல் இருப்பதற்காக வந்த சட்டம் என்பதைக் கேட்டவர் வகுப்புக்கு ஒருமுறை வந்திருந்தாலும் அறிந்திருப்பார். நம் மாநிலத்தில் இதற்கான தீர்ப்பாயத்துக்குக் கோட்டாட்சியர்தான் தலைவர். 60 வயது நிறைந்தவர் தாமே மனு கொடுக்கலாம். 17ஆம் பிரிவு எந்தத் தரப்புக்கும் வக்கீல் வைக்க இடம் தரவில்லை. ஜீவனாம்சமாக மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவிடலாம். உத்தரவில் குறை இருந்தால் 60 நாட்களுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். நீதிமன்றமே வேண்டும் என்பவருக்கு அந்த வழியும் அடைபடவில்லை. ஜீவனாம்சம் கேட்க வழிசெய்த, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவுதான் 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 144ஆம் பிரிவாகியிருக்கிறது. ஆனால் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்துகொள்ள முடியும்.

நான்காம் வகுப்பின் முடிவில் மூத்த உறுப்பினரான அம்மையார் ஒருவர், மஞ்சள் பையிலிருந்து ஒரு செட்டில்மெண்ட் பத்திரத்தை எடுத்து என் முன் வைத்தார். தம் ஒரே வீட்டை மகனுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, இப்போது அதே வீட்டின் பின்கட்டில், தனி அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர் அவர். ‘உன் மீதுள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்’ என்று பத்திரம் தொடங்கியது. ‘சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது’ என்று நடுவில் வந்தது. ‘எக்காலத்திலும் எக்காரணம் கொண்டும் ரத்து செய்யமாட்டேன்’ என்று முடிந்தது. ‘என்னைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும்’ என்ற ஒரு வரியைத் தேடிப் பூதக்கண்ணாடி வைத்து மூன்று முறை படித்தேன். இல்லை. பத்திரம் எழுதுபவர் வழக்கமான வாசகத்தை அப்படியே இறக்கியிருக்கிறார். அவர் காட்டிய இடத்திலெல்லாம் அம்மையார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

பேணவேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தைப் பெற்றவர் பேணத் தவறினால், அந்தப் பத்திரம் மோசடியாலோ வற்புறுத்தலாலோ நடந்ததாகக் கருதி, கொடுத்தவர் விரும்பினால் அதைச் செல்லாததாக்க 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவு வழிசெய்கிறது. ஆனால் அந்த நிபந்தனை இருந்ததை மெய்ப்பிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் சொல்லியிருந்ததால், அம்மையாருக்கு நான் முதலில் நம்பிக்கை எதுவும் தரவில்லை. இச்சட்டத்தை முதியோர் நலனை முன்னிறுத்தித் தாராளமாகவே பொருள்கொள்ள வேண்டும் என்று அதே நீதிமன்றம் 2025 ஜனவரியில் கூறியது. அன்பும் பாசமுமே சொல்லாமல் சொன்ன நிபந்தனைதான் என்று நம் சென்னை உயர் நீதிமன்றம், நாகப்பட்டினம் மாவட்ட வழக்கொன்றில், மார்ச்சில் தீர்ப்பளித்தது. அந்த வாரமே மனு போட்டோம். நோட்டீஸ் சென்ற 90 நாட்களில் முடிக்கவேண்டும், தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் இன்னும் 30 நாட்கள் என்று ஜீவனாம்ச மனுவுக்குச் சட்டம் வகுத்திருக்கும் கெடுவை நம்பி நான் நான்கு முறை அலுவலகம் சென்றேன். இரண்டு முறை அதிகாரி முகாமில் இருந்தார். இவ்வறிக்கையை எழுதும் நாள்வரை உத்தரவு வரவில்லை.

மருமகளை வெளியேற்ற இந்தச் சட்டம் உதவுமா என்று வகுப்பில் இரண்டு உறுப்பினர்கள் கேட்டார்கள். குடும்ப வன்முறைச் சட்டம் அவருக்குத் தரும் குடியிருப்பு உரிமையை இதைக் கொண்டு பறிக்க முடியாது என்று 2020 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது என்றேன். அதன் பிறகு அவர்கள் வகுப்புக்கு வரவில்லை.

வருகைப் பதிவேட்டில் எந்த மாதமும் 20 பெயருக்கு மேல் இல்லை என்பதையும், சந்தா நிலுவைப் பட்டியல் அதைவிட நீளமானது என்பதையும் வருத்தத்துடன் தெரிவிக்கிறேன். இதைச் சில்லறை விஷயமாக உறுப்பினர்கள் நினைக்கக்கூடாது. தாமே மனு கொடுக்க இயலாத முதியவருக்காக, அவர் அதிகாரம் அளித்த பதிவு பெற்ற தொண்டு அமைப்பு மனு கொடுக்கலாம் என்கிறது பராமரிப்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவு. நம் சங்கம் பதிவு பெற்ற சங்கமாக நீடிக்க, 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஆண்டுதோறும் கணக்கைத் தாக்கல் செய்யவேண்டும். அதற்குத் தணிக்கையாளருக்கும் கட்டணத்துக்கும் பணம் வேண்டும். படுக்கையில் விழுந்த பிறகு சங்கம் தமக்காக மனு போடும் என்று எண்ணியிருப்பவர்களில் ஏழு பேர் மூன்றாண்டுகளாகச் சந்தா கட்டவில்லை.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு என்ற அளவில் நான் நிறுத்திக்கொள்கிறேன். படிவ நகல், பேருந்துக் கட்டணம் ஆகியவை என் கையிலிருந்து போயின. அவற்றை நான் கேட்கப்போவதில்லை, குறிப்பில் மட்டும் இருக்கட்டும். கூடம் தந்து உதவியவருக்கும், நாற்காலிகளை எடுத்து அடுக்கிய இளைஞர்களுக்கும், தலைவருக்கும், செயற்குழுவுக்கும் நன்றி.

வரும் ஆண்டில், எழுதிக்கொடுக்க எண்ணியிருக்கும் உறுப்பினர்கள் பத்திர நகலைக் கையெழுத்துக்கு முன்னரே வகுப்புக்குக் கொண்டுவர வேண்டுகிறேன்; பராமரிப்பு வரியை எந்த இடத்தில் சேர்ப்பது என்று பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். என் உடல்நிலை முன்போல இல்லை. மனுக் கோப்பு, சங்க முத்திரை, பீரோச் சாவி மூன்றும் என்னிடம் உள்ளன. பொறுப்பேற்க முன்வருபவரிடம் மகிழ்ச்சியுடன் ஒப்படைப்பேன், அவர் தம் சந்தா பாக்கியைத் தீர்த்துவிட்டு வந்தால்.

இப்படிக்கு,
செயலாளர்