பாட்டை எழுதி வாங்காதீர்கள்

வடசென்னையில் தெரு நிகழ்ச்சிகளுக்கு அனுமதி வழங்கும் காவல்துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டைப் பக்கம் தெருவில் பந்தல் போட்டு கச்சேரியும் நாடகமும் நடத்துகிறவர்களில் நானும் ஒருத்தி. உங்களிடம் ஒரே ஒரு கோரிக்கைதான். அனுமதி கேட்டு வருகிறவர்களிடம் இடம் கேளுங்கள், நேரம் கேளுங்கள், எத்தனை ஸ்பீக்கர் கட்டுவீர்கள் என்று கேளுங்கள். பாட்டு வரிகளை மட்டும் முன்கூட்டியே எழுதி வாங்காதீர்கள்.

கட்டுப்பாடே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 1888ஆம் ஆண்டின் மாநகரக் காவல் சட்டம், 41ஆவது பிரிவு, ஐந்து நாளுக்கு முன்பே விண்ணப்பம் என்கிறீர்கள். சரி, கொடுக்கிறோம். இரவு பத்து மணிக்கு மைக்கை நிறுத்தச் சொல்கிறீர்கள். அதுவும் நியாயம்தான், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளும் காலை ஷிப்டுக்குப் போகிறவர்களும் எங்கள் வீட்டிலும் இருக்கிறார்கள்.

ஆனால் சமீபத்தில் ஒரு நினைவஞ்சலி கானா கச்சேரிக்காக ஸ்டேஷனுக்குப் போனோம். எந்த ஸ்டேஷன் என்பது இங்கே முக்கியமில்லை. பாடப்போகும் பாட்டெல்லாம் எழுதி வரச் சொல்லியிருந்ததால், தம்பிகள் நோட்டிலிருந்து தாளைக் கிழித்து எழுதிக் கொண்டுவந்திருந்தார்கள். ஏட்டய்யா பொறுமையாகப் படித்தார். தண்ணி லாரி வராத தெருவைப் பற்றிய பாட்டு வந்ததும் சிவப்புப் பேனாவால் நாலு வரியை வட்டம் போட்டார். "இது யாரைச் சொல்லுது?" என்று கேட்டார். "லாரியைத்தான் சொல்லுதுங்கய்யா" என்றான் பாடுகிற பையன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. இருந்தாலும் வட்டம் வட்டம்தான்.

அடுத்த தாளில், காதலித்து விட்டுப்போன ஒரு பெண்ணைக் கண்டபடி ஏசுகிற பாட்டு இருந்தது. அதன் மேல் பேனா படவே இல்லை. கானாவில் பெண்களை இழிவுபடுத்தும் பாட்டுகளும், கத்தியைக் காட்டிப் பெருமையடிக்கும் பாட்டுகளும் உண்டு. அந்தப் பாட்டுக்காரர்களோடு நாங்கள் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். ஒழுக்கத்துக்காகத்தான் வரிகளைப் பார்க்கிறோம் என்று நீங்கள் சொன்னால், அந்த இரண்டு தாள்களும்தான் என் ஞாபகத்துக்கு வருகின்றன.

இப்படி வாங்கிப் பார்ப்பதால் உங்களுக்கும் பயனில்லை. கானாவின் பாதி பந்தலில்தான் பிறக்கிறது. இறந்தவர் பெயர், அவர் ஓட்டிய மீன்பாடி வண்டி, எந்த முனையில் நின்று டீ குடித்தார் என்பதெல்லாம் டோலக் தட்டத் தொடங்கிய பிறகுதான் பாட்டுக்குள் வரும். காகிதத்தில் நீங்கள் படிப்பது வேறு, ராத்திரி தெருவில் கேட்பது வேறு.

இது வெள்ளைக்காரன் காலத்திலேயே தெரிந்துபோன விஷயம். நாடக நடிகர் விசுவநாததாஸ் நடித்ததெல்லாம் வள்ளி திருமணம் போன்ற புராண நாடகங்கள்தான். கதைச்சுருக்கத்தை எழுதி வாங்கியிருந்தால் முருகனும் வள்ளியும்தான் இருந்திருப்பார்கள். நடுவில் 'கொக்கு பறக்குதடி பாப்பா' என்று எடுப்பார். கொக்கு என்றால் வெள்ளைக்காரன் என்று கொட்டகையில் கடைசி வரிசைக்காரனுக்கும் தெரியும். பலமுறை கைது செய்தார்கள். வெளியே வந்து மறுபடியும் பாடினார். 1940 டிசம்பர் 31 அன்று, இதே சென்னையில், முருகன் வேடத்தில் மேடையில் பாடிக்கொண்டிருக்கும்போதே அவர் உயிர் பிரிந்தது.

நம் பெரம்பூர்க் கதை இதைவிடப் பொருத்தம். மில் தொழிலாளர்கள் முதலில் திரண்டது ஒரு சமயச் சொற்பொழிவு சபையில். செல்வபதி செட்டியார் நடத்திய அந்தச் சபையில் திரு.வி.க.வும் பேசினார். பக்திப் பேச்சு கேட்க வந்தவர்கள், பேச்சு முடிந்த பிறகு மில்லில் படுகிற பாட்டைப் பேசத் தொடங்கினார்கள். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. அந்தச் சபையின் பேச்சை முன்கூட்டியே யாராவது எழுதி வாங்கியிருந்தால், எந்த வரியை வட்டம் போட்டிருப்பார்கள்?

அப்புறம் சட்டம். வங்காளத்து நாடகங்களைக் கண்டு மிரண்ட பிரிட்டிஷ் அரசு 1876இல் நாடகங்களைத் தடைசெய்ய ஒரு சட்டம் கொண்டுவந்தது. சுதந்திரம் வந்தும் நமக்கு ஆசை விடவில்லை. எம்.ஆர்.ராதாவின் ராமாயண நாடகத்தைக் குறிவைத்து 1954இல் சென்னை மாநிலமே தனியாக ஒரு சட்டம் போட்டது. எழுத்தாளரும் நாடகக்காரருமான ஞாநி தொடுத்த வழக்கில் 2013இல் அதன் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1876 சட்டமும் 2018 ஜனவரியில் நீக்கப்பட்டுவிட்டது. நாடகத்துக்கே இதுதான் நிலைமை என்றால், ஒரு சாவு வீட்டுப் பாட்டின் வரிகளை எந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள்?

பாடி முடித்த பிறகு, அவதூறு என்றோ கலவரத்தைத் தூண்டுகிறது என்றோ தோன்றினால் வழக்குப் போட உங்களுக்குச் சட்டம் இருக்கிறது. நீதிமன்றத்தில் பதில் சொல்கிறோம். அதிலும் கொஞ்சம் நிதானம் வேண்டும். 2015இல் டாஸ்மாக்குக்கு எதிராகப் பாடியதற்காகத் தெருப் பாடகர் கோவன் மீது தேசத்துரோக வழக்குப் போட்டார்கள். அதுவரை அந்தப் பாட்டைக் கேட்காதவர்களும் அதற்கப்புறம் தேடிக் கேட்டார்கள்.

இன்னொன்றும் எனக்கு உறுத்துகிறது. மார்கழியில் மயிலாப்பூர் சபாவில் பாடுகிற வித்வானிடம், இன்று எந்தக் கீர்த்தனை, அதன் அர்த்தம் என்ன என்று யாராவது எழுதி வாங்குகிறார்களா? வாங்கவும் கூடாது. அந்த மரியாதையைத்தான் ஆடு அறுக்கும் ஆடுதொட்டிக்குப் பக்கத்தில் பாடுகிறவனுக்கும் கேட்கிறேன்.

ஏப்ரல் 14 அம்பேத்கர் பிறந்தநாள் நிகழ்ச்சிக்கு விண்ணப்பத்தோடு வருவோம். இடம், நேரம், ஸ்பீக்கர் எண்ணிக்கை, பொறுப்பாளர்களின் போன் நம்பர் எல்லாம் அதில் இருக்கும். பாட்டு வரிகள் இருக்காது. அதனால் அனுமதி இல்லை என்றால், காரணத்தை எழுத்தில் கொடுத்துவிடுங்கள். வியாசர்பாடியிலிருந்து பாரிமுனை நீதிமன்றம் ஒன்றும் தூரமில்லை.

இப்படிக்கு,
வியாசர்பாடியிலிருந்து ஒரு நிகழ்ச்சி அமைப்பாளர்