சேகருக்கு, ரைட்டைப் பற்றி

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. சித்ராவுக்கு இரண்டாவதும் பெண். நான் பதில் போடவில்லை என்று ராமுவிடம் கோள் மூட்டினாயாமே! அவன் உன் குரலிலேயே ஒப்பித்துவிட்டான், அந்த இருமல் உட்பட.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஜார்ஜ் மெலெண்டெஸ் ரைட் என்ற அமெரிக்க இயற்கையியலாளரைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். உன் தவளைக் கணக்கெடுப்பைக் கைவிட்டதாக நீ எழுதியபிறகு, இவரைப் பற்றி உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அப்பா அமெரிக்கக் கப்பல் கேப்டன், அம்மா எல் சால்வடார்க்காரர். இவருடைய சின்ன வயதிலேயே இருவரும் இறந்துபோனார்கள். 1927-இல் கலிபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் உதவி இயற்கையியலாளராகச் சேர்ந்தார்.

அந்தக் காலத்துப் பூங்காக்களின் லட்சணத்தைக் கேள். யெல்லோஸ்டோன் பூங்காவில் ஓட்டல் எச்சிலைக் கொட்டி, கரடிகள் தின்பதை ஜனங்கள் வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். 1926-இல் கடைசி ஓநாய்க் குட்டிகளையும் பூங்கா ஊழியர்களே கொன்றார்கள். தூண்டில்காரர்களின் மீனைத் தின்கிறது என்று கூழைக்கடா முட்டைகளை உடைத்தார்கள்.

ரைட் வனவிலங்குக் கணக்கெடுப்பு வேண்டும் என்று கேட்டார். அரசிடம் பணம் இல்லை. குடும்பச் சொத்திலிருந்து தானே செலவு செய்தார். ஜோசப் டிக்சன், பென் தாம்சன் என்ற இரண்டு உயிரியலாளர்களைச் சேர்த்துக்கொண்டு 1930-இல் மேற்குப் பூங்காக்களைச் சுற்றக் கிளம்பினார். அறிக்கை 1933-இல் வெளிவந்தது. அதில் ஒரு இடம் என்னைப் பிடித்துக்கொண்டது. பூங்காவின் எல்லையை மலையழகைப் பார்த்து வரைந்திருக்கிறார்கள். கோடையில் மேட்டில் மேயும் எல்க் மான்கள் பனி விழுந்தால் பள்ளத்தாக்குக்கு இறங்கியாக வேண்டும். பள்ளத்தாக்கோ எல்லைக்கு வெளியே! குளிர்காலத்தில் அவை எங்கே போகும்? இதை அன்றைக்கே எழுதிவைத்திருக்கிறார். கொன்றுதின்னும் விலங்குகளையும் காக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்.

அதே 1933-இல் தேசியப் பூங்காத் துறையின் வனவிலங்குப் பிரிவுக்குத் தலைவரானார். 1936 பிப்ரவரியில் நியூ மெக்சிகோவில் கார் விபத்தில் போய்விட்டார். வயது 31. யெல்லோஸ்டோன் கண்காணிப்பாளர் ரோஜர் டோலும் அதே காரில் இறந்தார். அதன்பிறகு அந்தப் பிரிவின் உயிரியலாளர்கள் மளமளவென்று குறைந்தார்கள். யெல்லோஸ்டோனுக்கு ஓநாய்கள் திரும்பி வர 1995 ஆயிற்று. நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.

தவளைக் கணக்கெடுப்பை மூட்டை கட்டிவிட்டேன், யார் படிக்கப்போகிறார்கள் என்று நீ எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் படிக்கிறேன். வரைபடங்களோடு ஒரு நகல் அனுப்பு. பொங்கலுக்கு வரும்போது ஒவ்வொரு பக்கமாக உட்கார்ந்து பேசுவோம். ராமுவையும் கூப்பிடு, ஆனால் சமையலை அவனிடம் விடாதே.

அன்புடன்,
கண்ணன்