இரவு இரண்டு மணிக்கு வார்டு மாற்றாதீர்கள்: மருத்துவமனை நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கும், படுக்கை ஒதுக்கீட்டைக் கவனிக்கும் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

நான் அக்யூட் மெடிக்கல் யூனிட்டில் பணிபுரியும் மருத்துவர். அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்து வருகிறவர்களை ஓரிரு நாள், மிஞ்சினால் 72 மணி நேரம் வைத்திருந்து, நோயைக் கண்டறிந்து, சிகிச்சையைத் தொடங்கி, வீட்டுக்கோ உரிய வார்டுக்கோ அனுப்புவதுதான் எங்கள் வேலை. நோயாளிகள் இடம் மாறத்தான் வேண்டும். அதில் எனக்குப் புகார் இல்லை. மாற்றும் நேரத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நிமோனியாவுடன் வந்த எண்பது வயது மூதாட்டி ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் தணிந்து இப்போதுதான் கண்ணயர்ந்திருக்கிறார். அவசரப் பிரிவில் இடமில்லை. எங்கோ ஒரு வார்டில் ஒரு படுக்கை காலியாகிறது. “யாரை அனுப்பலாம்?” என்று தொலைபேசியில் கேட்கிறீர்கள். ஆபத்தைத் தாண்டியவர் என்பதாலேயே அவர் பெயர் முதலில் வருகிறது. விளக்கைப் போட்டு எழுப்பி, கட்டிலோடு தள்ளிக்கொண்டு போகிறோம். மூக்குக்கண்ணாடி எங்கள் பிரிவிலேயே தங்கிவிடுகிறது. காது கேட்கும் கருவியை விடிந்த பிறகுதான் யாராவது தேடுவார்கள்.

காலையில் அவருக்கு இடம் தெரியவில்லை, ஆள் தெரியவில்லை. சலைன் குழாயைப் பிடுங்குகிறார். டெலிரியம் என்னும் இந்தத் திடீர் மனக்குழப்பம் வந்த முதியவர்கள் கீழே விழுவதும், மருத்துவமனையில் அதிக நாள் தங்குவதும், இறப்பதும் கூடுதல். தவிர்க்கவே முடியாவிட்டால் ஒழிய டெலிரியம் வரக்கூடியவர்களை வார்டுக்கு வார்டு மாற்றக் கூடாது என்று, சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2010இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டுவிட்டது.

இன்னொரு கூத்தும் உண்டு. நாடித்துடிப்பு, மூச்சு போன்ற ஒவ்வோர் அளவீட்டுக்கும் மதிப்பெண் இட்டு, உடல்நிலை சரிவதை முன்கூட்டியே காட்டும் பிரிட்டனின் ‘நியூஸ்’ மதிப்பெண் முறை 2017இல் திருத்தப்பட்டபோது, புதிதாகத் தோன்றும் மனக்குழப்பம் ஒன்றுக்கே 3 மதிப்பெண் உண்டு என்றார்கள். ஒரே அளவீட்டில் 3 வந்தால் மருத்துவர் விரைந்து வந்து பார்க்க வேண்டும். அந்த மூதாட்டியை முன்பின் பார்த்திராத பணி மருத்துவர் ஓடி வருகிறார். இரத்தப் பரிசோதனை, தலைக்கு சிடி ஸ்கேன் என்று எழுதுகிறார். நாமே உண்டாக்கிய குழப்பத்துக்கு நாமே காரணம் தேடுகிறோம். பார்க்கின்சன் நோயாளிகளுக்கு வேறு வகைத் துன்பம்: நேரம் தவறாமல் தர வேண்டிய மாத்திரை, இரண்டு வார்டுகளுக்கு நடுவே தவறிப்போகிறது.

உங்கள் தரப்பு எனக்குப் புரியாமலில்லை. நடைபாதையில் ஸ்ட்ரெச்சரில் கிடப்பவர், எங்கள் பிரிவில் உறங்குபவரைவிட ஆபத்தில் இருக்கக்கூடும். அவருக்காக ஒருவரை நகர்த்தியே ஆகவேண்டிய இரவுகள் உண்டு. அப்போதும் யாரை என்பதைப் படுக்கைப் பட்டியல் தீர்மானிக்கக் கூடாது. மனக்குழப்பம் உள்ளவர், அது வரக்கூடிய முதியவர், இறுதி நாட்களில் இருப்பவர் ஆகியோரை விலக்கிவிட்டு, நோயாளியை அறிந்த மருத்துவரும் செவிலியரும் முடிவு செய்யட்டும். தீவிர சிகிச்சை தேவைப்படுபவரை எந்த நேரத்திலும் மாற்றலாம். அது வேறு கணக்கு.

உண்மையில் இந்த இரவு நேர நெருக்கடி பகலில்தான் உருவாகிறது. வீட்டுக்குப் போகலாம் என்று காலைச் சுற்றில் சொல்லப்பட்டவர், மாத்திரைப் பொட்டலத்துக்கும் டிஸ்சார்ஜ் கடிதத்துக்கும் வண்டிக்குமாக மாலைவரை அதே படுக்கையில் உட்கார்ந்திருக்கிறார். வார இறுதியில் நிலைமை இன்னும் மோசம். முடிவெடுக்கும் மூத்த மருத்துவர்கள் வார்டுகளில் குறைவு. எங்களை இன்னும் விரைவாகப் பார்க்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்புவதைவிட, ஒவ்வொரு வார்டுக்கும் காலையிலேயே ஒரு மருந்தாளுநரை அனுப்பினால் அதிகப் படுக்கைகள் கிடைக்கும் என்பது என் கணிப்பு.

அவசரப் பிரிவில் காத்திருக்கும் நேரத்தை மாதந்தோறும் கணக்கெடுக்கிறீர்கள். இரவு பத்து முதல் காலை ஆறு மணிக்குள் எத்தனை பேரை, எந்த வயதினரை, எதற்காக மாற்றினோம் என்பதையும் அதே அறிக்கையில் சேருங்கள். அடுத்த மாதமே தொடங்கலாம்.

இப்படிக்கு,
இரவுப் பணி மருத்துவர்