முகம் பார்க்காத அந்தத் தீயணைப்பு வீரருக்கு

எங்கள் மரவாடி எரிந்த இரவில், பலகை அடுக்குகளுக்கும் மரத்தூள் கிடங்குக்கும் நடுவில் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றீர்களே, உங்களுக்குத்தான் இந்த நன்றி. முகக்கவசத்தில் முகம் தெரியவில்லை. பெயர் கேட்கவும் தோன்றவில்லை.

எரிகிற அடுக்கை விட்டுவிட்டு, எரியாத அடுக்கின் மேல் தண்ணீர் அடித்தீர்கள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை, கத்திவிட்டேன். "அது போயிடுச்சு அண்ணே, இதைக் காப்பாத்துவோம்" என்றீர்கள். அப்புறம்தான் புரிந்தது. மரம் காய்வதற்காகப் பலகைகளுக்கு இடையில் நாங்கள் விடும் சந்துதான் நெருப்புக்குக் காற்று கொடுக்கிறது. மரம் சுமார் 300 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது அதிலிருந்து கிளம்பும் வாயு பற்றிக்கொள்கிறது. நனைந்த மரத்தில் அந்த வெப்பம் முதலில் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகிவிடும். மரத்தூள் மேல் மட்டும் தூறல் போல விட்டீர்கள். வேகமாகப் பீய்ச்சினால் தூள் கிளம்பி, காற்றில் கலந்து வெடிக்கலாமாம்.

விடியும்போது எல்லோரும் ஓய்ந்து உட்கார்ந்திருந்தோம். நீங்கள் மட்டும் கையுறையைக் கழற்றி, புறங்கையை ஒவ்வொரு அடுக்கின் பக்கத்திலும் காட்டிச் சூடு பார்த்துக்கொண்டே வந்தீர்கள். ஓர் இடத்தில் நின்று, பலகைகளைக் கலைக்கச் சொன்னீர்கள். வெளியே புகைகூட இல்லை. உள்ளே கங்கு கனன்றுகொண்டிருந்தது. அதை விட்டிருந்தால் மறுபடியும் பற்றியிருக்கும்.

அன்று கத்தியதற்கு மன்னித்துவிடுங்கள், தம்பி. நீங்கள் நனைத்த அடுக்கு முழுசாக நிற்கிறது. நேற்று அதிலிருந்துதான் முதல் பலகையை எடுத்து அறுத்தோம்.