பவானியில் நீ பிடித்த மீனைப் பற்றி

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். பவானிக்குக் கீழே காவிரியில் தூண்டிலில் விழுந்த அந்த மீனைப் பரிசல்காரர் கெளுத்தி என்கிறார், உன்னோடு வந்த நண்பர் தேளி என்கிறார், கைப்பேசிச் செயலி வேறொரு பெயரைச் சொல்கிறது, ஆகவே நான்தான் சொல்ல வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். பெயரை மட்டும் ஒரு வரியில் எழுதி அனுப்பிவிடலாம். ஆனால் அடுத்த வாரம் வேறொரு மீன் விழும். அதைத் திரும்ப ஆற்றில் விடுவதா, கரையேற்றிவிடுவதா என்பதை நீ அந்த இடத்திலேயே, மீன் உயிரோடு இருக்கும்போதே முடிவு செய்தாக வேண்டும். சில மீன்களை விடாவிட்டால் ஆற்றுக்கு நட்டம். சிலவற்றை விட்டால் ஆற்றுக்குக் கேடு. அந்த நேரத்தில் நான் பக்கத்தில் இருக்கப்போவதில்லை என்பதால், பெயரை எப்படிக் கண்டடைவது என்பதையே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

உன் மீனையே எடுத்துக்கொள்வோம். பக்கத்தில் செருப்பை வைத்து எடுத்தது நல்லதாயிற்று. மீன் ஏறக்குறைய இரண்டடி நீளம் என்று தெரிகிறது. உடம்பில் செதில் இல்லை. மீசைகள் மொத்தம் எட்டு: மூக்கருகே இரண்டு, மேல்தாடையில் இரண்டு, கீழ்த்தாடையில் நான்கு. வாளைக்கு நான்கே மீசைகள் உண்டு என்பதால் வாளை இங்கேயே கழிந்துவிடுகிறது. அடுத்ததாக முதுகைப் பார். நாம் சந்தையில் வாங்கும் கெளுத்திக்கு முதுகில் முள்ளோடு கூடிய ஒரு துடுப்பும், அதற்குப் பின்னால் நரம்புக் கதிர்கள் இல்லாத சதைத் துடுப்பொன்றும் இருக்கும். உன் மீனுக்கு முதுகில் முள்ளும் இல்லை, சதைத் துடுப்பும் இல்லை. தலைக்குப் பின்னால் தொடங்கி வால்வரைக்கும் ஒரே நீளத் துடுப்பாக ஓடுகிறது. தேளிக்கும் எட்டு மீசைகள்தாம் என்றாலும், அதன் முதுகுத் துடுப்பு ஆறேழு கதிர்களோடு மிகச் சிறியதாக இருக்கும். வயிற்றுப் புறத்தில் உள்ள துடுப்புத்தான் அதற்கு நீளம். ஆகவே இது தேளியும் இல்லை. பரிசல்காரர் சொன்னதைத் தவறென்று எண்ணிவிடாதே. மீசையுள்ள மீன்கள் பலவற்றுக்கும் அந்த ஒரு பெயரே வழங்குகிறது. அவருடைய தொழிலுக்கு அதுவே போதும். உனக்கு அது போதாது.

செதிலற்ற உடல், எட்டு மீசை, தட்டையான எலும்புத் தலை, முள்ளில்லாத நீண்ட முதுகுத் துடுப்பு ஆகிய நான்கும் சேர்ந்தால் அது கிளாரியஸ் பேரினத்து மீன். இனிமேல்தான் உண்மையான கேள்வி வருகிறது. இந்தப் பேரினத்தில் நம் நாட்டு மாகூரும் உண்டு, ஆப்பிரிக்கக் கெளுத்தியும் உண்டு. ஒன்று நம் குளங்களிலிருந்தும் வயல்வாய்க்கால்களிலிருந்தும் குறைந்துகொண்டே வருவது. மற்றது அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. குஞ்சாக இருக்கும்போது இரண்டையும் அருகருகே வைத்தாலும் பலருக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

நான் பார்க்கச் சொல்வது தலையின் உச்சியை. மண்டையோட்டின் பின்விளிம்பு முதுகுத் துடுப்பை நோக்கி நீண்டிருக்கும் இடத்தில் விரலால் தடவிப் பார்த்தால் அந்த எலும்பின் வடிவம் தோலுக்கடியில் தெரியும். நாட்டு மாகூரில் அந்த நீட்சி மழுங்கி வளைந்திருக்கும். ஆப்பிரிக்கக் கெளுத்தியில் கூராக முடியும். அடுத்தது தலையின் அடிப்புறம். வளர்ந்த ஆப்பிரிக்கக் கெளுத்தியின் தாடைக்குக் கீழே இருபுறமும் நீளவாக்கில் கருமையான பட்டை ஒவ்வொன்று இருக்கும். குஞ்சுகளில் அது காணாது. மூன்றாவது செவுள். செவுள் மூடியைத் தூக்கினால் முதல் வளைவின் உள்விளிம்பில் சீப்புப் பற்கள்போல் வரிசையாக முட்கள் நிற்கும். நாட்டு மீனில் அவை இருபதுக்குள் அடங்கும். ஆப்பிரிக்க மீனில் இருபத்து நான்குக்குக் குறையாமல், பெரிய மீனில் நூறுவரைகூட நெருக்கமாக இருக்கும். ஓர் ஊசியை நுழைத்து ஒவ்வொன்றாக விலக்கி எண்ணிப் பார். இதைப்போல் ஐயத்தைத் தீர்க்கும் வேலை வேறில்லை.

உன் படத்தில் தலையின் உச்சி மறைந்திருக்கிறது. இருந்தாலும் நாட்டு மாகூர் ஒன்றரை அடியைத் தாண்டுவது அரிது, உன்னுடையது இரண்டடி. விலாவில் சாம்பல் கலந்த பச்சையில் ஒழுங்கற்ற கரும்புள்ளிகளும் தெரிகின்றன. ஆப்பிரிக்கக் கெளுத்தி என்றே நினைக்கிறேன், பெரும்பாலும் அதுதான். ஆனால் அளவையும் நிறத்தையும் மட்டும் நம்பி முடிவுகட்டுவது எனக்குப் பிடிக்காது. நிறம் தண்ணீருக்குத் தக்கபடி மாறும், செத்தபின் மங்கும்.

இந்த மீன் 1990-களின் தொடக்கத்தில் வங்கதேசத்தின் வழியாக அனுமதியில்லாமல் இந்தியாவுக்குள் வந்தது. விரைவில் பெருப்பதாலும் எதைப் போட்டாலும் தின்று வளர்வதாலும் வளர்ப்பவர்களுக்கு அது லாபமாக இருந்தது. 2000-ஆம் ஆண்டில் அரசு அதன் வளர்ப்பைத் தடை செய்தது. 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் அந்தத் தடையை வலியுறுத்தியது. ஆயினும் வெள்ளக் காலத்தில் குளம் உடைந்தால் அதிலிருக்கும் மீன் ஆற்றுக்குத்தானே போகும். செவுளுக்கு மேலே காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு உள்ளதால் ஈரத்தரையில் ஊர்ந்தும் அது இடம் மாறும். மற்ற மீன்களின் முட்டை, குஞ்சு, தவளை, நத்தை எதையும் விட்டுவைக்காது. ஆகவே அதை ஆற்றில் திரும்ப விடாதே. கரையில் வெறுமனே போட்டுவிட்டும் வராதே, மணிக்கணக்கில் உயிரோடிருந்து மறுபடியும் தண்ணீருக்குள் போய்விடும். தலையில் ஒரே அடியில் கொன்றுவிடு. துடிக்கவிட்டுப் பார்க்கிற பழக்கம் நம் வீட்டில் யாருக்கும் வேண்டாம்.

இதே வகையில் நீ எச்சரிக்கையாக இருக்க வேண்டியது, மீன் தொட்டிக்காரர்கள் டேங்க் கிளீனர் என்று விற்கும் மீன். உடம்பு முழுக்க எலும்புத் தகடுகள், வயிற்றுப் புறத்தில் உறிஞ்சும் வாய், பாய்மரம்போல் விரியும் முதுகுத் துடுப்பு என்று அதன் தோற்றமே அடையாளம் காட்டிவிடும். தென்னமெரிக்காவைச் சேர்ந்தது, தொட்டியில் பெரிதானதும் யாரோ கொண்டுபோய் ஏரியில் விட, இப்போது வலைகளைக் கிழித்துக்கொண்டும், இனப்பெருக்கத்துக்காகக் கரையில் வளை தோண்டிக்கொண்டும் பரவியிருக்கிறது. அதையும் திரும்ப விடாதே.

ஜிலேபிக் கெண்டையை உனக்குத் தெரியும். 1952-இல் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட மீன் அது. ஆனால் காவிரியில் இப்போது அதன் உறவினரான நைல் ஜிலேபியும் விழுகிறது. வால் துடுப்பில் குறுக்கே வரிவரியாகக் கோடுகள் இருந்தால் அது நைல் ஜிலேபி. இரண்டுக்கும் பொதுவான ஓர் அடையாளத்தையும் பார்த்து வை: மற்ற மீன்கள் பெரும்பாலானவற்றுக்கு முகத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு மூக்குத் துளைகள் இருக்கும், இந்தக் குடும்பத்துக்கு ஒவ்வொன்றுதான். விலாவின் கோடும் நடுவில் அறுந்து, கீழே இறங்கி மறுபடி தொடரும்.

கட்லா, ரோகு, மிருகால் மூன்றும் அணையில் குஞ்சு விட்டு வளர்க்கப்படும் வடநாட்டு ஆற்று மீன்கள். அவற்றைப் பற்றி நான் நீட்ட வேண்டியதில்லை. தலை பெருத்து, வாய் மேல்நோக்கித் திறந்து, மீசையில்லாமல் இருந்தால் கட்லா. கீழுதட்டில் கொசுவம் தெரிந்தால் ரோகு.

நான் உண்மையில் கவலைப்படுவது நீ எப்போதாவது ஒகேனக்கல் பக்கம் போய்ப் பெரிய செதில்களும் தடித்த உதடுகளும் நான்கு மீசைகளும் உடைய கெண்டையைப் பிடித்துவிடும் நாளைப் பற்றித்தான். அது மகசீர். அதிலும் துடுப்புகள் செம்மஞ்சளாகவும், தலைக்குப் பின்னால் முதுகு திமிலாக உயர்ந்தும் இருந்தால், காவிரி ஆற்றுத் தொகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத மீன் உன் கையில் இருக்கிறது என்று பொருள். 1946-இல் கபினியில் 120 பவுண்டு எடையில் ஒன்று பிடிபட்டதாகப் பதிவு உண்டு. இவ்வளவு பெரிய, இவ்வளவு புகழ்பெற்ற மீனுக்கு எந்த அறிவியல் பெயர் பொருந்தும் என்பதே 2018-இல்தான் உறுதியானது. காவிரியின் கிளையான பாம்பாற்றிலிருந்து ஏற்கெனவே விவரிக்கப்பட்ட டோர் ரேமாதேவி என்ற இனமும் இந்தத் திமில் மகசீரும் ஒன்றே என்று அப்போது தெரிந்தது. இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய மீனியலாளர் ரேமா தேவியின் பெயரைத் தாங்கிய இனம் அது. பெயர் உறுதியான அதே ஆண்டில் அது அழிவின் விளிம்பில் உள்ள இனம் என்றும் அறிவிக்கப்பட்டது. பெயர் தெளிவாக இல்லாத காலமெல்லாம் வேறிடத்து மகசீர்க் குஞ்சுகளைக் கொண்டுவந்து இதே ஆற்றில் விட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை.

அந்த மீன் அருகிவருவதைக் காட்டிக்கொடுத்தவை எவை தெரியுமா? கர்நாடகத்துக் காலிபோரில் 1998 முதல் 2012 வரை தூண்டில்காரர்கள் தாங்கள் பிடித்துத் திரும்ப ஆற்றில் விட்ட மீன்களைப் பற்றி எழுதிவைத்த குறிப்புகள். செம்மஞ்சள் துடுப்புள்ளது எது, நீலத் துடுப்புள்ளது எது என்று பிரித்து எழுதியிருந்ததால்தான், வெளியிலிருந்து வந்த நீலத் துடுப்பு மகசீர் பெருகி, செம்மஞ்சள் துடுப்புள்ள திமில் மகசீர் தேய்ந்துவந்ததை ஆய்வாளர்கள் கண்டுகொள்ள முடிந்தது. உன்னைப் போன்றவர்கள் பொழுதுபோக்காகச் செய்த வேலை அது. ஆகவே அப்படியொரு மீன் விழுந்தால் கையை நனைத்துக்கொண்டு, தண்ணீருக்குள்ளேயே வைத்துத் தூண்டில் முள்ளைக் கழற்றி, ஒரே ஒரு படம் எடுத்துவிட்டு உடனே விட்டுவிடு. சரணாலய எல்லைக்குள் தூண்டில் போடவே கூடாது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

படம் எடுப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. மீனின் தலை இடப்பக்கம் இருக்கும்படி ஈரமான பலகையில் கிடத்து; மீனியல் படங்களெல்லாம் அந்தப் பக்கத்தைக் காட்டுவதால் ஒப்பிடுவது எளிது. துடுப்புகளை விரித்துவிடு. பக்கத்தில் ஓர் அளவுகோல் வை. தலையின் உச்சி, வாய், அடிவயிறு மூன்றையும் தனித்தனியாக எடு. எடுத்த தேதி, இடம், தண்ணீர் ஓட்டமா தேக்கமா, என்ன இரை என்பவற்றை அன்றே எழுதிவை. எதிலும் சேராத மீனென்று தோன்றினால் சென்னை சாந்தோமில் உள்ள விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையத்தாருக்கு அந்தப் படங்களை அனுப்பலாம். நம் மயிலாடுதுறையிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய தரங்கம்பாடியிலிருந்து, கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்ற பாதிரியார் மீன்களைச் சேகரித்துப் பெர்லினில் இருந்த பிளாக் என்ற மீனியலாளருக்கு அனுப்பினார். நாம் வாரந்தோறும் பார்க்கும் விராலை 1793-இலும் தேளியை 1794-இலும் தரங்கம்பாடி மாதிரிகளைக் கொண்டே பிளாக் விவரித்தார். அந்தக் காலத்தில் கப்பலில் போனது. நீ நின்ற இடத்திலிருந்தே அனுப்பிவிடலாம்.

தேளியைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று. அதன் மார்புத் துடுப்பின் முள்ளில் நஞ்சுண்டு. பெயர் தெரியாத மீசை மீன் எதையும் வெறுங்கையால் இறுக்கிப் பிடிக்காதே. ஈரத்துணியால் தலைக்குப் பின்னால் அழுத்திப் பிடி. குத்திவிட்டால் பொறுக்கும் அளவுக்குச் சூடான நீரில் கையை அமிழ்த்தி வை, அந்த நஞ்சு சூட்டில் வீரியம் இழக்கும். பிறகு தாமதிக்காமல் மருத்துவரிடம் போ.

மீன் இன்னும் ஐஸ் பெட்டியில்தான் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அதை வெளியே எடுத்து, உச்சி எலும்பைத் தடவிப் பார்த்து, தாடையின் அடியைத் திருப்பிப் பார்த்து, முதல் செவுள் வளைவின் முட்களை எண்ணி, இன்ன மீன் என்று நீயே முடிவு செய்து எழுது. என் கணிப்பை மறந்துவிட்டு எண்ணு. அந்த மூன்றையும் படமெடுத்துக் கூடவே அனுப்பு, நானும் இங்கே எண்ணிப் பார்க்கிறேன்.

அன்புடன்,
அம்மா