பெயர் சொல்லாமல் விறகு இறக்கிவிட்டுப் போனவருக்கு

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் உள்ள எங்கள் ஊர் விறகு வங்கிக்கு, அதாவது வீட்டைச் சூடாக்க விறகில்லாத குடும்பங்களுக்கு விறகு கொடுத்து உதவும் இடத்துக்கு, பிப்ரவரிக் குளிரில் பிக்கப் வண்டியில் வந்தீர்களே, உங்களுக்குத்தான் இந்த நன்றி.

அன்று கொட்டகையில் மிஞ்சியிருந்தது பச்சை ஓக், அதாவது இன்னும் உலராத ஓக் மர விறகு மட்டும். பச்சை விறகை எரித்தால் சூட்டில் ஒரு பங்கு அதிலுள்ள நீரை ஆவியாக்கவே போய்விடும். புகையும் குளிர்ந்து, புகைபோக்கியின் உட்சுவரில் கிரியோசோட் என்னும் தார்போன்ற கசடாகப் படியும். அது பற்றினால் வீடே போய்விடும். அடுப்பு அணைந்து கிடக்கும் வீட்டுக்கு அதை எப்படிக் கொடுப்பது?

நீங்கள் கொண்டுவந்தது பிளந்து உலர்த்திய ஆஷ் மர விறகு; விறகை அளக்கும் கார்டு (cord) கணக்கில் அரை கார்டு, அதாவது 64 கன அடி. யாரும் கேட்காமலே 16 அங்குலத்தைத் தாண்டிய கட்டைகளை ஒதுக்கினீர்கள். சிறிய அடுப்பில் அவை நுழையாது. ஒரு கட்டையைப் புதிதாகப் பிளந்து, உள்முகத்தில் ஈரமானியைக் குத்தினீர்கள்: 20 சதவீதத்துக்கும் கீழே. வெளிப்பக்கம் முதலில் உலர்ந்துவிடும்; அங்கே குத்துபவர்கள்தான் ஏமாறுகிறார்கள்! தார்ப்பாயை மேலே மட்டும் போர்த்தி, காற்றுப் போகப் பக்கங்களைத் திறந்துவிட்டீர்கள். ஆஷ் மரங்களைக் கொல்லும் மரகத வண்டு விறகோடு பயணிக்கும் என்பதால், மரம் உள்ளூரில் வெட்டியதென்று சீட்டும் எழுதி வைத்தீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கோடரி பிடிக்க முடியாத முதியவர்களுக்கென்று இரண்டு மூட்டைச் சுள்ளி. அது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

அந்த ஓக் உலர இரண்டு கோடை ஆகும். வசந்தத்தில் அதைப் பிளந்து அடுக்கப்போகிறோம். முடிந்தால் வாருங்கள், ஐயா.