பிறந்தவள் எப்போது நுழைந்தாள்?

தமிழ்நாட்டின் 39 மக்களவை உறுப்பினர்களுக்கும் 18 மாநிலங்களவை உறுப்பினர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களே, வணக்கம்.

நான் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருப்பவன். தண்ணீர் மோட்டாரின் கம்பிச்சுருள் கருகிவிட்டால் பிரித்து, புதுக் கம்பி சுற்றித் தருவேன். சட்டத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 2, 3, 5 ஆகிய மூன்று பிரிவுகள் இன்று எனக்கு மனப்பாடம். கடைக்கு வரும் வக்கீல் ஒருவரை உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, வரிவரியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். என் மகளுக்கு பாஸ்போர்ட் எடுக்கப் போன இடத்தில் தொடங்கியது இது.

மகள் 2013இல் அரசு மருத்துவமனையில் பிறந்தவள். சிலம்பம் சுற்றுவாள். மலேசியாவில் நடக்கும் ஒரு போட்டிக்குப் போகும் குழுவில் அவள் பெயரும் இருந்தது. நான், என் மனைவி, மகள் மூன்று பேரும் போனோம். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. அங்கே இருந்த அலுவலர் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். "அம்மா எந்த நாடு?" என்று கேட்டார். "இந்த நாடுதான் சார், மண்டபத்துல பொறந்தேன்" என்றாள் என் மனைவி. ராமேசுவரத்துக்குப் பக்கத்து மண்டபத்தில் இருக்கும் இலங்கைத் தமிழ் அகதிகள் முகாமின் அட்டையைக் காட்டினாள். அவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மகளின் பிறப்புச் சான்றிதழைப் பார்த்தார். "உங்க பொண்ணோட பிறந்த தேதிதான் சார் பிரச்சினை" என்றார்.

ஒரு பிள்ளையின் பிறந்த தேதி எப்படிப் பிரச்சினையாகும் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிர திருத்தம் வந்தபோது 1987க்கு முன்னால் பிறந்தவரா, 2004க்குப் பின்னால் பிறந்தவரா என்ற கேள்விகளெல்லாம் வீட்டுக்கு வீடு பேச்சானது, உங்களுக்கும் நினைவிருக்கும். எங்கள் வீட்டில் அவை அதற்கு முன்பே குடியேறிவிட்டன.

என் மனைவியின் அண்ணன் 1986இல் மண்டபம் முகாமில் பிறந்தவர். 1987 ஜூலை 1க்கு முன்னால் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவராக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடிமகன். ஆகவே சட்டப்படி மச்சான் இந்தியர். அது அவருக்கே பல காலம் தெரியாது. 2022இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, 1986இல் அதே மண்டபத்தில் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் வழங்க உத்தரவிட்டது. அந்தப் பெண் 2024 தேர்தலில் முதல் முறையாக வாக்களித்தார். செய்தியைப் பேப்பரில் பார்த்த பிறகுதான் மச்சான் தன் பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்தார். முப்பத்தைந்து வயதுக்கு மேல் ஒரு மனிதன் தான் எந்த நாட்டுக்காரன் என்பதைப் பேப்பர் பார்த்துத் தெரிந்துகொள்கிறான்.

என் மனைவி 1989. அதே முகாம், அதே தகரக் கொட்டகை, பிரசவம் பார்த்ததும் அதே நர்ஸம்மா என்பார் என் மாமியார். ஆனால் 1987 ஜூலை 1க்குப் பிறகு பிறந்தவர்களுக்குத் தாய் தந்தையில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். இரண்டு பேருமே இல்லை. ஆகவே அவள் இந்தியர் இல்லை.

மகளுக்கு வருவோம். 2004 டிசம்பர் 3க்கு முன்னால் பிறந்திருந்தால் அப்பனாகிய என் பெயர் ஒன்றே போதும். அதற்குப் பிறகு பிறந்ததால், ஒருவர் இந்தியராக இருந்தாலும் மற்றவர் "சட்டவிரோதக் குடியேறி"யாக இருக்கக் கூடாது. என் மனைவியை அரசாங்கம் அந்தக் கணக்கில்தான் வைத்திருக்கிறது. நான் ஓட்டுப் போடுகிறேன், வரி கட்டுகிறேன், ஆனால் என் மகளுக்கு என் குடியுரிமையைக் கொடுக்க முடியாது.

வக்கீல் இந்த இடத்தில் சட்டத்தின் 2ஆம் பிரிவைப் படித்துக் காட்டினார். செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டோ பயண ஆவணமோ இல்லாமல் இந்தியாவுக்குள் நுழைந்த வெளிநாட்டவர், அல்லது முறையாக நுழைந்து காலக்கெடு தாண்டியும் தங்கியவர்தான் சட்டவிரோதக் குடியேறி. நான் கேட்டேன்: "நுழைந்தவர் என்றுதானே சார் இருக்கு? இவ எப்ப நுழைஞ்சா?" அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, அதைத்தான் யாரும் பார்ப்பதில்லை என்றார். என் மனைவி எந்த எல்லையையும் தாண்டியதில்லை. கடலைக் கரையிலிருந்து பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். மண்டபத்தில் பிறந்து, முகாம் பள்ளியில் படித்து, பேருந்தில் போய்க் கல்லூரி முடித்து, என்னைக் கல்யாணம் செய்துகொண்டவள். அவள் நுழைந்தது இந்த உலகத்துக்குள் மட்டும்தான். அதற்கு யார் பாஸ்போர்ட் தருவார்கள்?

சரி, அவளுடைய அப்பா அம்மா நுழைந்தவர்கள்தானே என்பீர்கள். அந்தக் கதையையும் கேளுங்கள்.

மாமனாரின் தாத்தா புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாகப் போனவர். அந்தத் தோட்டத்து மக்களின் குடியுரிமையை இலங்கை 1948இல் ஒரே சட்டத்தில் பறித்தது. ஏறத்தாழ 7 லட்சம் பேர் எந்த நாட்டுக்காரரும் இல்லாமல் ஆனார்கள். 1964 அக்டோபர் 30ஆம் தேதி இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்திட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். பாகப்பிரிவினையில் மாடு கன்றைப் பிரிக்கும்போதுகூட எந்த மாடு யாரிடம் போக விரும்புகிறது என்று பார்ப்பவர்கள் உண்டு.

மாமனார் குடும்பம் இந்தியாவுக்கு விண்ணப்பித்தது. 1977 கலவரத்தில் தோட்டத்தை விட்டு ஓடி வவுனியாப் பக்கம் காடு வெட்டிக் குடியேறினார்கள். 1983 இனக்கலவரம் வந்தது. 1984இல் தலைமன்னார் - ராமேசுவரம் கப்பல் நின்றுபோனது. கப்பலுக்குக் காத்திருந்தவர்கள் மறுவருடம் ஒரு இரவு படகேறி வந்தார்கள். இரண்டு அரசாங்கங்களும் கையெழுத்துப் போட்டு எந்தக் கரைக்கு அனுப்புவதாகச் சொன்னதோ, அதே கரைக்குத்தான் வந்து இறங்கினார்கள். கப்பலில் வந்தவருக்குத் தாயகம் திரும்பியோர் என்று பெயர். இந்திய பாஸ்போர்ட், கடனுதவி, வேலை எல்லாம் உண்டு. படகில் வந்தவருக்கு அகதி என்று பெயர், அப்புறம் சட்டவிரோதக் குடியேறி என்று பெயர். கப்பலுக்கும் படகுக்கும் நடுவில் இருப்பது ஒரு வருடம்.

நான் சட்டத்தில் வேறு வழி தேடாமல் இல்லை. 5ஆம் பிரிவில் இந்தியரைக் கல்யாணம் செய்து ஏழு வருடம் இங்கே வசித்தவர் பதிவு செய்துகொள்ளலாம் என்று இருக்கிறது. இந்திய வம்சாவளியினருக்கும் அதே ஏழு வருடம். எங்களுக்குக் கல்யாணம் ஆனது 2011இல். வம்சாவளியும் இருக்கிறது, வசிப்பும் இருக்கிறது. ஆனால் இரண்டு வழியிலும் வாசலில் அதே சொல் நிற்கிறது: சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது.

என் சித்தப்பா மகன் கனடாவில் பிறந்த ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்துப் பெண்ணைக் கல்யாணம் செய்தான். கல்யாணத்தைப் பதிவு செய்து இரண்டு வருடம் முடிந்ததும், இந்தியக் குடிமகனின் மனைவி என்ற முறையில் ஓ.சி.ஐ. என்னும் வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டை கிடைத்தது. அது குடியுரிமை இல்லைதான். ஓட்டு இல்லை, விவசாய நிலம் வாங்க முடியாது. ஆனால் விசா இல்லாமல் வரலாம், போகலாம், இருக்கலாம். அந்தப் பெண்ணுக்குக் கிடைத்ததில் எங்களுக்குத் துளியும் வயிற்றெரிச்சல் இல்லை, தங்கமான பிள்ளை. ஆனால் ஒரு பொங்கலன்று என் மனைவி சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அவங்க வீட்ல பிளேன் ஏறினாங்க, எங்க வீட்ல படகு ஏறினாங்க. தப்பு எங்க மேலதான்."

மாநில அரசு சிலவற்றைச் செய்திருக்கிறது, மறுக்கவில்லை. 2021இல் அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள், பணக்கொடையைக் கூட்டினார்கள், கொட்டகைகளுக்குப் பதில் நல்ல வீடுகள் கட்டுகிறார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேரும், முகாமுக்கு வெளியே பதிவு செய்து தங்கியவர்களில் 30,000க்கு மேற்பட்டோரும் இருப்பதாக அப்போது சொல்லப்பட்டது. ஆனால் குடியுரிமை மாநிலத்தின் கையில் இல்லை. அது நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் இருக்கிறது. அதனால்தான் இந்த மடல் கோட்டைக்குப் போகாமல் உங்களுக்கு வருகிறது.

1986இல் பிறப்புவழிக் குடியுரிமையை இறுக்கித் திருத்தம் கொண்டுவந்தபோது, அதற்கான காரணமாக வங்கதேசத்தோடு இலங்கையையும் பெயர் சொல்லித்தான் சொன்னார்கள். 2019இல் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்த இந்து, சீக்கிய, பௌத்த, சமண, பார்சி, கிறிஸ்தவர்களைச் சட்டவிரோதக் குடியேறி என்று கருதக் கூடாது என்று திருத்தினார்கள். அதில் இலங்கை இல்லை. கதவை அடைக்கும்போது இலங்கை நினைவுக்கு வந்தது, திறக்கும்போது மறந்துபோனது. அன்று உங்கள் கட்சிகளில் சில ஆதரித்தன, சில எதிர்த்தன. அந்தப் பழைய கணக்கை நான் இங்கே கிளறப்போவதில்லை. கிளறினால் அதைப் பற்றியே ஒரு வாரம் பேசிவிட்டு விஷயத்தை விட்டுவிடுவீர்கள்.

அந்தப் பட்டியலில் நான்காவதாக இலங்கையைச் சேர்த்தால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. மதத்தைக் கேட்டுக் கதவு திறக்கும் பட்டியல் அது. ஒரே படகில் வந்தவர்களில் ஒருவரை மட்டும் இறக்கிவிட்டு வாங்கும் குடியுரிமை என் மனைவிக்கு வேண்டாம். இதை அவளே சொன்னாள்.

நான் கேட்பது சின்ன வேலை. 2025இல் வந்த புதிய குடியேற்றச் சட்டத்தின் கீழ் மத்திய அரசே ஒரு விலக்கு ஆணை போட்டிருக்கிறது: 2015 ஜனவரி 9க்குள் இந்தியாவில் தஞ்சம் புகுந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட் விசா இல்லை என்பதற்காக நடவடிக்கை எடுக்கும் விதிகள் பொருந்தாது. நல்லது. இவர்கள் தண்டிக்க வேண்டியவர்கள் இல்லை என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டுவிட்டது. அப்படியானால் அதே மக்களைக் குடியுரிமைச் சட்டத்தின் 2ஆம் பிரிவிலும் சட்டவிரோதக் குடியேறி என்று கருதக் கூடாது என்று ஒரு வரி சேர்ப்பதில் என்ன தடை? 2019இல் மற்றவர்களுக்காகச் சேர்த்த இடத்துக்குப் பக்கத்திலேயே சேர்க்கலாம். அந்த ஒரு வரி வந்துவிட்டால் 5ஆம் பிரிவு திறந்துகொள்ளும், என் மகளுக்கும் வழி பிறக்கும். முகாமில் பிறந்தவர்கள் "நுழைந்தவர்கள்" அல்லர் என்று ஒரு விளக்கமும் சேர்த்தால் இன்னும் நல்லது.

நாங்கள் எதிர்க்கட்சி, எங்களால் என்ன முடியும் என்று மக்களவைக்காரர்கள் கேட்கக்கூடும். 39 பேரும் ஒரே அணியில் வென்றவர்கள் நீங்கள். தனிநபர் மசோதா கொண்டுவர ஆளுங்கட்சியாக இருக்க வேண்டியதில்லை. தோற்றாலும் அவைக் குறிப்பில் ஏறும்.

இவர்கள் ஒருநாள் ஊர் திரும்ப வேண்டியவர்கள், குடியுரிமை கொடுத்தால் ஈழக் கோரிக்கை வலுவிழக்கும் என்று இன்னொரு பேச்சு நம் மேடைகளில் உண்டு. போக விரும்புகிறவர் போகட்டும், போனவர்களும் இருக்கிறார்கள். ஆனால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்திலிருந்து வந்த என் மாமனார் எந்த ஊருக்குத் திரும்புவார்? அவருடைய லயக் காம்பிராவில் இன்று யாரோ குடியிருப்பார்கள். வவுனியாவில் வெட்டிய காடு திரும்பக் காடாகியிருக்கும்.

2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில், தண்டனை பெற்ற ஒரு இலங்கைத் தமிழரின் வழக்கில், இந்தியா என்ன தர்ம சத்திரமா என்ற கேள்வி எழுந்தது. வழக்கு வேறு, எங்கள் கதை வேறு. ஆனாலும் அன்று இரவு மாமனார் சாப்பிடவில்லை. சத்திரத்தில் தங்குகிறவன் மூன்றாம் நாள் கிளம்பிவிடுவான். நாற்பது வருடமாக வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.) முன்னால் வரிசையில் நின்று பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறவனை எந்தச் சத்திரத்தில் பார்த்திருக்கிறோம்?

மகளுடைய குழு மலேசியாவுக்குப் போய் வந்துவிட்டது. அவளுக்குப் பதிலாகப் போன பிள்ளை ஒரு சாவிக்கொத்து வாங்கி வந்து கொடுத்தது. மகளின் விண்ணப்பம் இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது.

இந்த மடலை 57 உறைகளில் போட்டு உங்கள் தில்லி முகவரிகளுக்கு அனுப்புகிறேன். உறைகளில் முகவரி எழுதியது என் மனைவி, அவள் கையெழுத்து அழகாக இருக்கும். மடலின் கீழேயும் கையெழுத்துப் போடுகிறேன் என்றாள். பேனாவை எடுத்தவள், அடுத்த வாரம் பதிவு நாள் வருகிறதே, இதைப் பார்த்துவிட்டு ஏதாவது கேட்பார்களோ என்று யோசித்துத் திரும்ப வைத்துவிட்டாள். அதனால் கீழே இருப்பது என் கையெழுத்து மட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தொகுதி வாக்காளன் ஒருவன்